கொலுப்படியில் ஒரு துரோகி

எங்கள் வீட்டுக் கொலுவில் ஐந்து படி. மேல்படியில் கலசம், அதற்குக் கீழே தசாவதாரம், அப்புறம் அஷ்டலட்சுமி, நான்காம் படியில் கல்யாண செட், கடைசிப் படியில் பலசரக்குக் கடைச் செட்டியாரும் அவர் மனைவியும். செட்டியாருக்கு வலப்பக்கம், அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே, கையில் மட்டையோடு ஒரு துரோகி நிற்கிறார். தோள் வரை முடி, முகம் நிறையத் தாடி, முதுகில் 18 என்று எண். பெயர் ஜானி டேமன். அவர் முகம் தெரிகிற வருஷங்களில், கொலு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரை இயேசுநாதர் என்று நினைத்து, "பரவாயில்லையே, எம்மதமும் சம்மதமா!" என்று என் மனைவியைப் பாராட்டிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கையில் எதற்கு மட்டை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் அங்கே வந்த கதைக்கு நான்தான் பொறுப்பு.

நான் தஞ்சாவூர்க்காரன். பிழைப்புக்காக அமெரிக்கா வந்து, பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ரேமிங்ஹாமில் குடியேறினேன். வந்த புதிதில் பேஸ்பால் எனக்குப் பிடிபடவில்லை. கிரிக்கெட்டை யாரோ அவசரத்தில் சுருட்டிக் கட்டியது மாதிரி இருந்தது. 2002இல் என் மேலாளர் ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்து ஃபென்வே பார்க்குக்கு அழைத்துப் போனார். 1912இல் கட்டிய அரங்கம். நாற்காலிகள் அந்தக் காலத்து ஒல்லி மனிதர்களுக்காகச் செய்தவை. இடப்பக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர். அதன் நிழலில், மைய மைதானத்தில், ஒரு மனிதர் தலைதெறிக்க ஓடி ஒரு பந்தைப் பிடித்தார். பக்கத்து சீட்டுத் தாத்தா என்னைக் கட்டிக்கொண்டார். நாட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் என்னைக் கட்டிக்கொண்ட முதல் அமெரிக்கர் அவர்தான். அன்றைக்கே நான் ரெட் சாக்ஸ் பக்தன் ஆனேன். சிவப்புக் காலுறை என்று ஒரு கோஷ்டிக்குப் பெயர் வைப்பார்களா என்று யோசிக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

அந்த மனிதர்தான் டேமன். அவருடைய அம்மா தாய்லாந்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் தாய்லாந்து தூரம்தான். பாஸ்டனிலிருந்து பார்த்தால் பக்கத்துத் தெரு. ஆக, அவர் நம்ம ஆள்.

அவர் முடியும் தாடியும் வளர்த்த 2004இல், அரங்கத்துக்கு வெளியே ஒரு கடையில் ஆட்டக்காரர்களின் தலையாட்டி பொம்மைகள் வரிசையாக நின்றன. தலையாட்டி பொம்மை எங்கள் ஊர்ச் சொத்து. நாடு விட்டு நாடு வந்த இடத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர் பொம்மையைச் சாய்த்தால் தானே எழுந்து நிற்கும். இவர்கள் பொம்மைக்குக் கழுத்தில் மட்டும் ஒரு ஸ்பிரிங். சாய்த்தால் சாய்ந்ததுதான். இந்த வித்தியாசத்தை அன்றைக்கே யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்காமல் 15 டாலர் கொடுத்து டேமனை வாங்கி வந்தேன்.

"இந்தக் காசுக்கு ஒரு மூட்டை சோனாமசூரி வந்திருக்கும்" என்றாள் மனைவி.

பாஸ்டனில் அப்போது ஒரு சாபம் நடந்துகொண்டிருந்தது. பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை, ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேசி, நியூயார்க் யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றார். 1920 ஜனவரியில் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை பாஸ்டன் வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரை ஐந்து முறை ஜெயித்திருந்தது; யாங்கீஸ் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. விற்ற பிறகு யாங்கீஸ் 26 கோப்பை வாங்கிவிட்டது. பாஸ்டனுக்கு ஒன்றும் இல்லை. பரிகாரம் தெரியாமல் மூன்று தலைமுறை தவித்தது. நாடி ஜோதிடம் இல்லாத தேசத்தில் வேறு என்ன செய்வார்கள்?

பரிகாரம் செய்தவன் நான்தான். இதை அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதவில்லை.

2004 அக்டோபர். வீட்டில் நவராத்திரி. டிவியில் வேர்ல்ட் சீரீஸுக்கு யார் போவது என்று ரெட் சாக்ஸுக்கும் யாங்கீஸுக்கும் ஏழு ஆட்டத் தொடர். 16ஆம் தேதி ராத்திரி மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று உதை வாங்கி, 0-3 என்று படுத்துவிட்டோம். பேஸ்பால் வரலாற்றில் அதுவரை, முதல் மூன்று ஆட்டமும் தோற்ற பிறகு எழுந்து தொடரை ஜெயித்தவர்கள் கிடையாது. ஆத்திரத்தில் எழுந்தேன். புத்தக அலமாரியிலிருந்த டேமனை எடுத்துக் கொலுவின் கடைசிப் படியில் செட்டியாருக்குப் பக்கத்தில் வைத்தேன். "தாயே, இனி உன் பொறுப்பு." ஜெயிக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்றும் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் இல்லாத டேமனுக்கே தாடி இருக்கும்போது, வேண்டுதல் உள்ள எனக்கு இருந்தால் என்ன?

அடுத்த நான்கு ராத்திரி, நான்கு வெற்றி. 20ஆம் தேதி ஏழாவது ஆட்டம், யாங்கீஸின் சொந்த மைதானத்தில். இரண்டாவது இன்னிங்ஸிலேயே, மூன்று மூலையிலும் நம் ஆட்கள் நிற்க, டேமன் அடித்த பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. ஒரே அடியில் நான்கு ரன். நான்காவது இன்னிங்ஸில் மறுபடி ஒரு ஹோம் ரன். 10-3. கொலுவுக்கு வந்திருந்த பெண்மணி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, வீட்டில் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து எழுந்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, 27ஆம் தேதி, வேர்ல்ட் சீரீஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்காவது ஆட்டத்திலும் தோற்கடித்துக் கோப்பை வாங்கினோம். அந்த ஆட்டத்தில் முதல் ஆளாக மட்டை பிடித்ததும் டேமன் அடித்தது ஹோம் ரன்தான். அன்று பூர்ண சந்திர கிரகணம். "கிரகணம் விடற வரைக்கும் யாரும் பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது" என்று மாமியார் கும்பகோணத்திலிருந்து போனில் உத்தரவு. ஆக, 86 வருஷ சாபம் தீர்ந்த வரலாற்றுத் தருணத்தை நான் வெறும் வயிற்றோடு, எதிரே இருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தபடி அனுபவித்தேன். மறுநாள் தாடியை எடுத்துவிட்டு, ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். அர்ச்சனைச் சீட்டில் டேமனின் நட்சத்திரம் கேட்டார்கள். தெரியவில்லை.

இனி கலியுகம்.

2005 மே மாதம் டேமன், எவ்வளவு கொடுத்தாலும் யாங்கீஸுக்குப் போக முடியாது என்கிற மாதிரி ஒரு பேட்டி கொடுத்திருந்தார். டிசம்பரில் போய்விட்டார். பாஸ்டன் நான்கு வருஷத்துக்கு 4 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. யாங்கீஸ் அதே நான்கு வருஷத்துக்கு 5 கோடியே 20 லட்சம் கொடுத்தது. முதுகில் அதே 18ஆம் எண். முகம்தான் மாறியது. அப்போது யாங்கீஸில் ஆடுபவர் மீசை வைத்துக்கொள்ளலாம், தாடி கூடாது, முடி காலருக்குக் கீழே இறங்கக் கூடாது. 1970களில் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரெனர் போட்ட சட்டம். அந்தக் காலத்து ஹைஸ்கூல் தலைமையாசிரியர் தோற்றார். டேமன் முடியிறக்கினார். நேர்த்திக்கடன் தீர்ந்தது பழனியில் அல்ல, நியூயார்க்கில்.

படத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் அந்த ஆளா? இப்பதாங்க பாக்க லட்சணமா இருக்கான்."

எதிரிகள் வெளியே மட்டும் இல்லை என்று அன்று தெரிந்தது.

ஆறுதலுக்கு அப்பாவைத் தஞ்சாவூருக்குப் போனில் கூப்பிட்டேன். "நம்ம சச்சின் ராவோடு ராவா பாகிஸ்தானுக்கு ஆடப் போய்ட்டா எப்படியிருக்கும்? அப்படிப்பா!" என்றேன்.

"சம்பளம் எவ்வளவு கூட?" என்றார் அப்பா. வங்கி ஊழியர் சங்கத்தில் முப்பது வருஷம் கொடி பிடித்தவர்.

"1 கோடியே 20 லட்சம் டாலர்."

மறுமுனையில் அவர் மனக்கணக்குப் போடும் சத்தம் எனக்குக் கேட்டது. "50 கோடி ரூபாய்க்கு மேல வருதேடா. இதுக்குப் போகாதவன்தான் தப்பு பண்ணினவன்."

"அப்பா, விசுவாசம்னு ஒண்ணு..."

"அங்க கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாதா? நமக்கு 85லயே வந்துடுச்சே. வந்தும் என்ன, தேர்தலுக்குத் தேர்தல் பாக்கறோம்."

வேறு வழியில்லாமல் விளக்கினேன். 1975 வரை அமெரிக்காவில் ஓர் ஆட்டக்காரர் ஒரு குழுவில் கையெழுத்துப் போட்டால், முதலாளியாகப் பார்த்து விற்றால்தான் விடுதலை. அந்த வருஷம் பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தர், ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஆட்டக்காரர் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது ஆறு வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

"அப்ப அதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ணையாளுங்களா? அந்த மத்தியஸ்தருக்கு மாலை போட்டாங்களா?"

"இல்லப்பா. முதலாளிங்க அவரை உடனே வேலையைவிட்டுத் தூக்கிட்டாங்க."

அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஐ.எஸ்.டி. கட்டணத்தில் இருபது நிமிஷம் எனக்கு வர்க்கப் போராட்டம் சொல்லிக் கொடுத்தார். அழுவதற்காகப் போன் செய்தவன், டேமனுக்கு ஆதரவாக நடந்த வாயிற்கூட்டத்தில் கைதட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. டேமனைத் திட்டித் தீர்த்த அதே டிசம்பரில் என் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் கம்பெனிக்கு நேர் எதிர்வரிசையில், நாங்கள் செய்வதையே செய்கிற போட்டிக் கம்பெனி. வருஷத்துக்கு 8,000 டாலர் கூடுதல். ஜனவரியில் சேர வேண்டும். ஆனால் இது வேறு, அது வேறு என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்திருந்தது. எப்படி வேறு என்பது இப்போது மறந்துவிட்டது.

ராஜினாமா கொடுக்கப் போனபோது கைக்குட்டை எடுத்துப் போனேன். எனக்கு அல்ல, மேலாளருக்கு. ஃபென்வேக்கு அழைத்துப் போனவர் அல்லவா? உடைந்துபோவார். 'எவ்வளவு கூடக் கொடுத்தால் இருப்பாய்?' என்று கேட்பார். அவர் கடிதத்தைப் படித்தார். "வாழ்த்துகள்" என்றார். "லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்துவிடு" என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கேக் வெட்டினோம். கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. ஆறு வருஷ சர்வீஸ்.

2006 மே 1. டேமன் யாங்கீஸ் உடையில் முதன்முதலாக ஃபென்வேக்கு வருகிறார். பையனுக்குப் பதினொரு வயது. அவனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். ஊளையிட ஒரு வாரமாகக் காருக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அமெரிக்கர்களுக்கு 'பூ' என்று அடிவயிற்றிலிருந்து வருகிறது. எனக்குச் சங்கு ஊதியது மாதிரி வந்தது.

முதல் இன்னிங்ஸிலேயே டேமன் மட்டையோடு வந்தார். அரங்கம் அதிர்ந்தது. இயேசுவாகக் கொண்டாடிய ஊர் இப்போது யூதாஸ் என்று அட்டை பிடித்தது. சிலர் எழுந்து கைதட்டவும் செய்தார்கள். டேமன் ஹெல்மெட்டைக் கழற்றி உயர்த்தி வணக்கம் வைத்தார். பிறகு அவர் மைய மைதானத்தில் போய் நின்றபோது மேலேயிருந்து கள்ள டாலர் நோட்டுகள் பறந்து வந்தன. நான் எழுந்து நின்று வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த ஊளை வரவில்லை. "அடப் பாவி! உனக்காகப் பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தேனேடா!" என்று வந்தது. நான்கு வரிசை பின்னாலிருந்து ஒரு குரல்: "நல்லா கேளுங்க சார்!"

அன்றைக்கு நடந்த இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்ட் போட்ட நக்கிள்பால், போடுகிறவருக்கே எங்கே போகும் என்று தெரியாத பந்து. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் டக் மிராபெல்லி. அவரைக் குளிர்காலத்தில் சான் டியாகோவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். புதியவரால் பிடிக்க முடியவில்லை. அன்று பகலில் மிராபெல்லியைத் திரும்ப வாங்கி, விமான நிலையத்திலிருந்து போலீஸ் வண்டியில் சைரன் ஒலிக்கக் கொண்டுவந்தார்கள். முகூர்த்த நேரத்துக்கு நாதஸ்வரக்காரர் வந்து இறங்குவதுபோல, வண்டிக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு இறங்கினார். ஒரே ராத்திரி, ஒரே மைதானம். தானாகப் போனவருக்கு யூதாஸ் பட்டம். பிடித்துத் தள்ளிய கம்பெனிக்கு ஒரு பட்டமும் இல்லை. அப்பா உடனிருந்திருந்தால் ஃபென்வே வாசலில் இரண்டாவது கூட்டம் போட்டிருப்பார்.

டேமனுக்கு அன்று ஒரு ஹிட்டும் கிடைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து 7-3 என்று ஜெயித்தோம். திரும்பும் ரயிலில் பையன் கேட்டான்.

"அப்பா, நீங்க உங்க பழைய ஆபீஸுக்குப் போனா, அவங்களும் இப்படி பூ பண்ணுவாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால், போயிருந்தேன். மார்ச் மாதம், மறந்துவிட்டு வந்த டிபன் டப்பாவை எடுக்க. ஆறு வருஷமாக எனக்கு 'குட் மார்னிங்' சொன்ன வரவேற்பறைப் பெண், "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'விருந்தினர்' என்று எழுதிய ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டினார். உள்ளே போனேன். டேமனைப் போலத்தான் நானும் கையை உயர்த்தினேன். என் பழைய நாற்காலியில் இருந்த பையன், "ஜெராக்ஸ் மெஷின் அந்த மூலையில் இருக்கிறது" என்று வழிகாட்டினான். ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டான்.

ஓர் ஊளை கிடையாது. ஒரு கள்ள நோட்டு கிடையாது. ஒரே ஒருவராவது 'துரோகி' என்று முணுமுணுத்திருந்தால் அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். ஒரு ஊரே தொண்டை கிழியக் கத்தும் அளவுக்கு ஒருவர் விலகிப் போவது சாமானியமா? என்னிடம் அந்தத் தகுதி இல்லை. என்னிடம் டிபன் டப்பா இருந்தது.

ஆனால் இந்த ஞானமெல்லாம் நவராத்திரிவரை தாங்கவில்லை. பொம்மைகளை எடுத்துப் பிரித்தபோது டேமன் பழைய செய்தித்தாளுக்குள்ளிருந்து தாடியோடு எட்டிப் பார்த்தார். மறுபடி கோபம்.

"இவன் இந்த வருஷம் வேண்டாம்."

"கொலுவுல ஏறின பொம்மையைப் பாதியில எடுக்கக் கூடாதுங்க. உடைஞ்சாதான் எடுக்கலாம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சுண்டலுக்குத் தாளிக்கப் போனாள்.

உடைந்தால்தானே? நான் டேமனைப் படியின் விளிம்பில் வைத்து, தற்செயலாக முழங்கையை நகர்த்தினேன். அவர் விழுந்தார். நேராகச் செட்டியார் மனைவியின் மேல் விழுந்தார். பண்ருட்டியிலிருந்து மடியில் வைத்துச் சுமந்து வந்த பொம்மை; மூக்கு போய்விட்டது. டேமன் கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்து, காயமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு மனைவி வந்தாள். அதன் பிறகு நடந்தது பத்திரிகைக்கு ஏற்றதல்ல. ஃபென்வேயில் டேமன் கேட்டது ஒன்றுமே இல்லை. முடிவில் பையன் ஒரு சமரசம் செய்தான். டேமனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். வருகிறவர்களுக்கு 18 மட்டும் தெரிந்தது. "இந்த சாமி ஏன் திரும்பிக்கிட்டார்?" என்று ஒரு மாமி கேட்டார். கோபம் என்றோம்.

2007இல் டேமன் இல்லாமலே கோப்பை வாங்கினோம். 2009இல் யாங்கீஸ் டேமனோடு வாங்கியது. அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் அவர் இரண்டாம் மூலைக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். மூன்றாம் மூலையில் காவலுக்கு ஆளில்லை என்று பார்த்து, நிற்காமல் அங்கேயும் ஓடிவிட்டார். முப்பத்தைந்து வயது முடியப்போகிற மனிதர். என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பையன் என்னைப் பார்த்த பார்வையில் நானே ஒருகணம் தாடி மழித்தவன் மாதிரி உணர்ந்தேன்.

2010 ஆகஸ்டில் அதிசயம். டேமன் அப்போது டெட்ராய்ட்டில். ரெட் சாக்ஸே அவரைத் திரும்பக் கேட்டது. நான் நெகிழ்ந்துபோனேன். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைத் தலைதீபாவளிக்கு அழைக்கும் மாமனாரின் பெருந்தன்மை எனக்கு வந்துவிட்டது. பரணிலிருந்து பொம்மையை இறக்கித் துடைத்தேன். 'சரி, வந்து தொலை' என்று மன்னித்தேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் வேண்டாம் என்றார். நான் மன்னித்தது அவருக்குத் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

டேமன் விட்டுப்போன மைய மைதானத்துக்குச் சில வருஷத்தில் ஜேக்கபி எல்ஸ்பரி வந்திருந்தார். பையன் தன் காசில் அவருடைய தலையாட்டி பொம்மையை வாங்கிச் செட்டியாரின் இடப்பக்கம் வைத்தான். 2013 முடிந்ததும் எல்ஸ்பரியும் போனார். எங்கே என்று கேட்க வேண்டாம். ஏழு வருஷம், 15 கோடியே 30 லட்சம்.

"நல்லதாப் போச்சு, ஜோடி சேர்ந்துடுச்சு" என்றாள் மனைவி. "இனிமே வாங்கினா, போகாதவனாப் பாத்து வாங்குங்க." அது தெரிந்தால் நான் ஏன் எதிர்வரிசைக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன்?

2025 பிப்ரவரியில் யாங்கீஸ் தாடிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. செய்தியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையன் அநியாயமா முடியைக் குடுத்தானே!" என்று டேமனுக்காக வருத்தப்பட்டாள். இருபது வருஷத்தில் இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் அனுதாபம்.

அதே வருஷம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் தோசையைப் பிய்த்தபடி தொண்டையைக் கனைத்தான். பாஸ்டன் வேலையை விடப் போகிறானாம். நியூயார்க்கில் கிடைத்திருக்கிறதாம். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. சின்ன வயதிலிருந்து யாங்கீஸ் என்ற சொல்லைச் சொன்னால் வாய் கழுவ வைத்து வளர்த்த பிள்ளை. நான் கேட்க நினைத்தது ஆயிரம். வாயில் வந்தது என் அப்பாவின் குரல்.

"சம்பளம் எவ்வளவு கூட?"

நவராத்திரிக்கு வந்திருந்தான். தொப்பி எதுவும் போட்டிருக்கவில்லை; நான் முதலில் பார்த்தது அதைத்தான். படியில் பொம்மைகளை அவனே அடுக்கினான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு டேமனைச் சுவர்ப்பக்கமிருந்து திருப்பி, எங்களைப் பார்க்க வைத்தான். மூக்கில்லாத செட்டியார் மனைவி பக்கத்தில் சாட்சி.

"இருக்கட்டும்ப்பா" என்றான்.

"நீ நவராத்திரிக்கு மட்டும்தான் வருவியா, தீபாவளிக்கும் வருவியா?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்வதற்குள் சமையலறை மின்விசிறிக் காற்று பட்டு டேமனின் தலை ஆடத் தொடங்கியது. மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை. நம் ஊரில் கல்யாணத் தரகரிடம் ஆட்டுகிற மாதிரி, நடுவாக.